முதல் நூறிலே பறக்கிறீர்கள்

கேள்வி: அண்ணா, நான் கிளிநொச்சி. இரணைமடுக் குளத்தில் நீந்திப் பழகினவன். 400 மீற்றர் பிரீஸ்டைலில் 200 வரைக்கும் நான்தான் முன்னுக்கு, அதுக்குப் பிறகு எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். கடைசியாக வந்த நேரம் 6 நிமிடம் 10 செக்கன். எங்கே பிழை?

பதில்: முதல் நூறில்தான் தம்பி. குதித்தவுடன் உடம்பு லேசாக இருக்கும், கஷ்டமே தெரியாது, அந்தப் புளுகத்தில் காலை விளாசி அடித்தால் தொடைத் தசை ஒக்சிசனை விழுங்கிவிடும், 250 தாண்டத் தோள் கல்லாகிவிடும். 6 நிமிடம் இலக்கு என்றால் நூறு நூறாக 1:27, 1:31, 1:32, 1:30 என்று போங்கள். அந்த 1:27 டைவ் தருகிற லாபம், நீங்கள் முறுக்கியதால் வந்ததல்ல. மூன்றாவது நூறுதான் வில்லங்கம். அங்கே கொஞ்சம் கூட்டுகிறேன் என்று நினைத்து நீந்தினால்தான் பழைய வேகமாவது நிற்கும். காலை அவிழ்த்து விடுவது கடைசி நூறில்.

பழக, 50 மீற்றர் எட்டுத் தரம், ஒவ்வொன்றும் 45 செக்கன், இடையில் 20 செக்கன் ஓய்வு. முதலாவதை 40இல் முடித்துவிட்டுச் சிரித்தால் அது கெட்டித்தனம் இல்லை! தடாகத்தில் ஒரு நீளத்துக்கு எத்தனை கை போடுகிறீர்கள் என்றும் எண்ணுங்கள். 200க்குப் பிறகு இரண்டு மூன்று கூடினால் கை தண்ணீரைப் பிடிக்காமல் வழுக்குகிறது என்று அர்த்தம். குளத்தில் சுவர் இல்லை, திரும்பல் பழகாது, ஆனால் ஒரே சீராக நீந்தப் பழக நல்ல இடம். சரி, தனியே மட்டும் இறங்க வேண்டாம்.