உதென்ன கையிலை?

அன்புள்ள ஐயா,

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். என் பாடங்களோடு ஜப்பானியமும் தொடக்க நிலையில் படிக்கிறேன். ஹிரகானா எழுத்துகள் பிடிபட்டுவிட்டன. மற்ற எழுத்து வரிசையான கதகானாவில் ‘ஷி’யும் ‘ட்சு’வும் குழப்புகின்றன. ‘சொரெ’, ‘அரெ’ இரண்டுக்கும் கொப்பியில் ஆங்கிலத்தில் ‘தட்’ என்றுதான் எழுதி வைத்திருக்கிறேன். எதை எங்கே போடுவதென்று தெரியவில்லை. தமிழும் ஜப்பானியமும் ஒரு தாய்ப் பிள்ளைகள் என்கிறார்களே, பிறகு ஏன் எனக்கு இவ்வளவு கஷ்டம்? டிசம்பரில் என்-5 என்ற ஜப்பானிய மொழிச் சோதனை எழுதலாமா, இல்லை விட்டுவிடலாமா?

(பெயர் கதகானாவில்)
கோண்டாவில்

அன்புள்ள பிள்ளைக்கு,

கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். இரண்டாம் தரம் வாசித்தது அந்தத் ‘தட்’டுக்காக.

முதலில் ஒரு தாய்ப் பிள்ளைகள் கதை. சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் அப்படிச் சொன்னார். எங்கள் பேராசிரியர் சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். மொழியியலாளரில் பெரும்பாலானோர் அதை ஏற்கவில்லை. அந்த வழக்கு அவர்களோடு இருக்கட்டும். உறவுமொழி என்றால் படிக்காமலே வந்துவிடுமா? மலையாளம் நமக்குப் பக்கத்து வீடு. ஒரு மலையாளப் பத்திரிகையை எடுத்து வாசியும் பார்ப்போம். சோம்பலுக்குச் சரித்திரத்தில் சாட்டுத் தேடாதேயும்.

சரி, ‘தட்’டுக்கு வருகிறேன். 1991இல் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு அறையில் இருந்தபோது நானும் பின்னேர ஜப்பானிய வகுப்பொன்றுக்குப் போனேன். படிப்பித்தவர் நல்ல மனிதர், ஆனால் எதையும் ஆங்கிலத்தில் இறக்கித்தான் தருவார். சொரெ என்றால் தட், அரெ என்றால் தட் ஓவர் தேர். அவர் கையிலிருந்த பேனையைக் காட்டி நான் ‘அரெ’ என்றேன். வகுப்பே சிரித்தது. ஆறு கிழமை இப்படியே போனது.

அப்போது அம்மம்மா கண் காட்டவென்று ஊரிலிருந்து வந்து என்னோடு தங்கியிருந்தார். ஒரு இரவு நான் சுவரோடு சாய்ந்திருந்து கொரெ, சொரெ என்று முணுமுணுத்துக்கொண்டிருக்க, படுத்திருந்தபடியே கேட்டார்: “உதென்னடா கையிலை?”

கொப்பி அவருக்குக் கிட்ட இல்லை, அதனால் ‘இது’ இல்லை. எங்கள் இருவருக்கும் தூரத்திலும் இல்லை, அதனால் ‘அது’வும் இல்லை. கேட்கப்பட்டவன் கையில் இருக்கிறது. ‘சொரெ வா நன் தெசு கா’ என்று திறந்திருந்த பக்கத்தில் எழுதியிருந்ததும் அதே கேள்விதான். நான் துள்ளி எழும்பிவிட்டேன். “என்னடா, பூரானே?” என்று அம்மம்மா காலை மேலே தூக்கிக்கொண்டார்.

கொரெ இது, சொரெ உது, அரெ அது, டொரெ எது. கொகொ இங்கை, சொகொ உங்கை, அசொகொ அங்கை, டொகொ எங்கை. கொனொ, சொனொ, அனொ, டொனொ? இந்த, உந்த, அந்த, எந்த. தொல்காப்பியர் எண்ணிய மூன்று சுட்டில் உகரம் தமிழ்நாட்டுப் பேச்சில் இன்று இல்லை. யாழ்ப்பாணத்தில் நாங்கள் விடவில்லை. ஆங்கிலத்திடம் இருப்பது இரண்டே இரண்டு. கோண்டாவிலில் பிறந்து, ஒரு நாளைக்கு நூறு தரம் ‘உது’ என்று சொல்கிற பிள்ளை, இதைத் ‘தட்’ என்று பாடமாக்கிக்கொண்டு இருக்கிறீர்! கோண்டாவிலிலிருந்து இணுவிலுக்குக் கொழும்பால் சுற்றிப் போகிறவர் உண்டா?

இன்னும் இருக்கிறது. ‘தபெதெ மிரு’ என்று ஒன்று வரும். ‘மிரு’ என்றால் பார். சாப்பிட்டுப் பார், அவ்வளவுதான். ‘கத்தெ ஒகு’, வாங்கி வை. ‘ஒகு’ என்றால் வைப்பது. ஆங்கிலத்தில் இவற்றுக்கு ஒவ்வொரு விளக்கம் சொல்ல வேண்டும், நமக்கு வேண்டாம். கொப்பியில் ஆங்கிலத்துக்கு விட்ட பக்கத்தை வெட்டிவிட்டு ஊர்த் தமிழை எழுதும். மேடைத் தமிழ் அல்ல, அம்மாவோடு பேசுகிற தமிழ்.

அதற்காக, “பார்த்தீர்களா ஐயா, ஒரு தாய்தானே” என்று திருப்பி எழுத வேண்டாம். கொரிய மொழியிலும் சுட்டு மூன்றுதான். கான்ஜி என்கிற சீன எழுத்துகளுக்கு எந்தத் தமிழும் உதவாது. அன்றாடப் பாவனைக்கென்று அரசு வகுத்த பட்டியலிலேயே 2136 எழுத்துகள் இருக்கின்றன. இருந்து எழுதத்தான் வேண்டும்.

சோதனையைப் பற்றியும் கேட்டிருந்தீர். எழுதும். ஐந்து படிகளில் என்-5 ஆக அடியில் இருப்பது. அதில் வாசிப்பும் கேட்டலும்தான், பேச்சுச் சோதனை இல்லை. ஆகவே பாஸ் பண்ணிவிட்டு ஜப்பானியம் தெரியும் என்று என்னிடம் வராதேயும்.

ஷி, ட்சு: ஷியின் இரண்டு சின்னக் கோடுகளும் ஒன்றின் கீழ் ஒன்று, நீளக் கோடு கீழிருந்து மேலே. ட்சுவில் சின்னக் கோடுகள் பக்கத்தில் பக்கத்தில், நீளக் கோடு மேலிருந்து கீழே. கடிதத்தின் அடியில் கையெழுத்து வைத்திருக்கிறீரே, அதில் ஷி என்று நினைத்து நீர் எழுதியிருப்பது ட்சு.