டீ டம்ளரில் என்ன அரசியல் இருக்கிறது?

சினிமா, டம்ளர் என எல்லாவற்றிலும் அரசியலைத் திணிக்கிறார்களே என்று கேட்டிருக்கிறீர்கள். பொருளுக்குப் பிறவியிலேயே அரசியல் கிடையாது. யார் கையில் எது போகலாம் என்று விதி வைக்கும்போது அது ஒட்டிக்கொள்கிறது.

தமிழக டீக்கடைகளின் இரட்டைக் குவளை முறையைப் பாருங்கள். ஒரு சாராருக்குக் கண்ணாடி டம்ளர், தலித்துகளுக்குத் தனி டம்ளர். சில இடங்களில் குடித்தவரே கழுவி வைக்க வேண்டும், பெஞ்சிலும் உட்காரக் கூடாது. டீ ஒன்றுதான், விலையும் ஒன்றுதான். 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 4ஆம் பிரிவில் உணவகப் பாத்திரங்களையே குறிப்பிட்டு இதைக் குற்றமாக்குகிறது: 1 முதல் 6 மாதம் வரை சிறை, கூடவே அபராதம்.

சிக்கல், காகிதக் கப் வந்த பிறகுதான். தனி டம்ளர் மறைந்து, சிலருக்கு மட்டும் காகிதக் கப் நீட்டினால் பாகுபாடு சுகாதாரம் போலத் தெரியும். அதனால் கப்பை மட்டும் பார்க்காதீர்கள். அதே நேரத்தில் மற்றவர்களுக்கு எதில் ஊற்றுகிறார்கள், யார் உள்ளே உட்காருகிறார்கள் என்று பாருங்கள். புகார் கொடுப்பதென்றால் இந்த வேறுபாட்டைத்தான் எழுத வேண்டும்.

பொழுதுபோக்கும் அப்படித்தான். நாடகம் வெறும் கேளிக்கை என்று பிரிட்டிஷ் அரசு நம்பியிருந்தால், அதைத் தடைசெய்ய 1876இல் தனிச் சட்டமே போட்டிருக்காது.