கோழிக்கு மருந்து கொடுத்த பிறகு முட்டையை எத்தனை நாள் கழித்துச் சாப்பிடலாம்?

வீட்டில் நாலைந்து நாட்டுக்கோழி வைத்திருப்பீர்கள். குடற்புழு மருந்து கொடுத்தீர்கள், பேனுக்கும் கடையில் கொடுத்த ஏதோ ஒன்றை அடித்தீர்கள், இப்போது முட்டை சேர்ந்துகொண்டே இருக்கிறது, வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. கேள்வியைப் படித்ததும் எனக்கு இப்படித்தான் தோன்றியது. இதே கேள்விக்கு ஒருவர் "நாட்டுக்கோழி முட்டைக்கு ஒன்றும் ஆகாது, நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள்" என்று பதில் எழுதி, அதற்கு அத்தனை பேர் கைதட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

நான் கால்நடை மருத்துவர் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஈரோடு பக்கம் தோட்டத்தில் நாட்டுக்கோழி வளர்த்து, தெரிந்த வீடுகளுக்கு முட்டை கொடுக்கிறவள். படித்ததையும் டாக்டரிடம் கேட்டதையும் பட்டதையும் எழுதுகிறேன்.

முதலில் மருந்துப் புட்டியை எடுத்துப் பாருங்கள். முட்டை, பால், கறிக்காக வளர்க்கும் கால்நடைகளுக்கான மருந்து என்றால், கடைசி வேளை மருந்து கொடுத்ததிலிருந்து எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று லேபிளில் அச்சிட வேண்டும். இந்தியாவின் மருந்து விதிகளில் 2012ஆம் ஆண்டே இதைச் சேர்த்துவிட்டார்கள். அப்படிக் குறிப்பாக நாள் எதுவும் வகுக்கப்படாத மருந்து என்றால் முட்டைக்கும் பாலுக்கும் குறைந்தது 7 நாள், கறிக்கு 28 நாள் விட வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. கணக்கு தொடங்குவது கடைசி வேளையிலிருந்து. ஐந்து நாள் மருந்து என்றால் ஐந்தாம் நாளுக்குப் பிறகுதான் முதல் நாளையே எண்ண வேண்டும். இதைப் பலர் மருந்து ஆரம்பித்த நாளிலிருந்து எண்ணிவிடுகிறார்கள்.

ஒரு நாள் விட்டால் போதாதா, அன்றைக்கு இட்ட முட்டையை மட்டும் தூக்கிப் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். முட்டையிடுகிற கோழியை வீட்டில் அறுத்திருந்தால் நீங்களே பார்த்திருப்பீர்கள், உள்ளே கடுகு அளவிலிருந்து முழு மஞ்சள் கரு வரை வரிசையாக இருக்கும். ஒரு மஞ்சள் கரு திரண்டு பெரிதாக ஏறக்குறைய பத்து நாள் ஆகிறது. வெள்ளைக் கரு சில மணி நேரத்தில் சேர்ந்துவிடும், ஓடு கட்டுவதற்கு இருபது மணி நேரம் போல. இன்றைக்குக் கொடுத்த மருந்து ரத்தத்தில் கலந்து, அடுத்த வாரம் வெளியே வரப்போகிற முட்டையின் மஞ்சள் கருவுக்குள் இன்றைக்கே போய் உட்கார்ந்துவிடும். கொழுப்பில் கரைகிற மருந்து என்றால் இன்னும் மோசம். கோழி தேறி ஓடியாடித் திரிகிறதே என்று பார்த்துக் கணக்குப் போடக் கூடாது.

வேகவைத்தால் கிருமி சாகும், மருந்து போகாது. எல்லா மருந்தும் ஒரே மாதிரி இல்லைதான், சில கொஞ்சம் சிதையும், ஆனால் என்ரோஃப்ளாக்சசின் மாதிரியான ஆன்டிபயாடிக் மருந்துகள் கொதியிலும் அப்படியே நிற்கும். அந்தப் பதிலை எழுதியவர் நல்லெண்ணத்தில்தான் எழுதியிருப்பார், இருந்தாலும் குழந்தைக்கு ஊட்டுகிற விஷயத்தில் அப்படி எழுதியிருக்கக் கூடாது.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஒரு ஐப்பசி மழையில் என் கோழிகளுக்குச் சளி பிடித்தது. மூக்கில் ஒழுகல், முகம் வீக்கம், ராத்திரியெல்லாம் கர்கர் என்று சத்தம். இரண்டு மூன்று செத்தும் போனது. தீவனக் கடைக்குப் போனால் அந்தத் தம்பி என்ரோஃப்ளாக்சசின் புட்டி ஒன்றை எடுத்து வைத்து, "தண்ணில கலந்து வெய்யுங்க்கா, மூணே நாள்ல சரியாப் போயிரும்" என்றார். முட்டையை என்ன செய்வது என்று கேட்டேன். "அதுக்கென்னங்க்கா, எல்லாரும் வித்துட்டுத்தான் இருக்கறாங்க" என்றார். நான் வாங்காமல் டாக்டருக்கு போன் போட்டேன். அவர் வந்து பார்த்துவிட்டு, மருந்து கொடுத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் கூண்டே காலியாகிவிடும் என்று சொல்லி அதே என்ரோஃப்ளாக்சசினைத்தான் எழுதினார். ஆனால் கூடவே சொன்னார், "முட்டையிடற கோழிக்கு இது சரிப்பட்ட மருந்தில்லம்மா. ஏழு நாள் பத்தாது, மூணு வாரமாவது ஒரு முட்டை வெளிய போகக் கூடாது." ஐரோப்பாவில் மனிதர் உண்ணும் முட்டையிடுகிற கோழிக்கு இந்த மருந்தைக் கொடுக்கவே கூடாது. அமெரிக்காவில் 2005இல் கோழிகளுக்கே இதை நிறுத்திவிட்டார்கள். இதையெல்லாம் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

அந்த மூன்று வாரமும் முட்டையை எடுத்துத் தென்னை மரத்தடியில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தேன். நாய்க்கும் போடவில்லை. எங்கள் அத்தை, அதாவது மாமியார், "முட்டயப் பொதைக்கிற வூடு இந்த ஊருலயே இது ஒண்ணுதான்" என்று ஒவ்வொரு நாளும் சொன்னார். அவரைக் குறை சொல்லவில்லை, முட்டைக்காசு எங்கள் பக்கம் பெண்களின் சிறுவாட்டுக் காசு, அதன் அருமை அவருக்குத்தான் தெரியும். என்னை வருத்தியது வேறு. முட்டை வாங்குகிற வீடுகளுக்கெல்லாம் போன் செய்து, கோழிக்கு மருந்து கொடுத்திருக்கிறேன், இத்தனை நாள் முட்டை கிடையாது என்று சொன்னேன். பிள்ளை பெற்ற மகளுக்காக வாங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா மட்டும்தான் "நல்லவேளை சொன்னே கண்ணு" என்றார். மற்றபடி "அவங்க வூட்டுக் கோழியெல்லாம் சீக்குக் கோழி" என்று பேச்சு பரவிவிட்டது. அதே மழையில், அதே சளிக்கு, அதே புட்டியை வாங்கி ஊற்றிவிட்டு ஒரு நாள்கூட நிறுத்தாமல் விற்றவர்களிடம் போய் என் வாடிக்கையாளர்கள் முட்டை வாங்கினார்கள். இப்போதும் மருந்து கொடுத்தால் சொல்லிவிட்டுத்தான் நிறுத்துகிறேன், இனியும் அப்படித்தான். முட்டையைக் கையில் வாங்குகிறவர் எவ்வளவு உருட்டிப் பார்த்தாலும் உள்ளே இருக்கும் மருந்து தெரியாது. கோழிக்கு ஊற்றின எனக்குத்தான் தெரியும்.

"அப்படியானால் மருந்தே கொடுக்காதே, இயற்கையாக வளர்" என்று யாராவது கீழே எழுதுவீர்கள். நோய் முற்றிய கோழியை மருந்தில்லாமல் துடித்துச் சாக விடுவது எனக்கு முடியாது. மருந்தும் வேண்டும், காத்திருப்பதும் வேண்டும்.

பேன் விஷயத்துக்கு வருகிறேன், இது மருந்தைவிடக் கவலையானது. அடைக்கோழி உட்கார்ந்த கூடையில் செந்நிறமாகப் பொடிப்பொடியாய் ஊருமே, அதற்கு வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்தைக் கலக்கிக் கோழியை முக்கி எடுக்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். 2017இல் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் நடந்தது இதுதான். கோழிப்பண்ணைகளில் இந்தப் பேனை ஒழிக்க, யூகலிப்டஸ், புதினா உப்பு சேர்ந்த மூலிகைத் தயாரிப்பு என்று சொல்லி ஒரு மருந்தை அடித்தார்கள். அதில் ஃபிப்ரோனில் என்கிற பூச்சிக்கொல்லி கலந்திருந்தது. முட்டையில் அது ஏறி, பல நாடுகளில் லட்சக்கணக்கான முட்டைகளைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்து அழித்தார்கள். ஐரோப்பாவில் அதற்கு அனுமதித்த அளவு ஒரு கிலோவுக்கு 0.005 மில்லிகிராம்தான். இங்கே அதே ஃபிப்ரோனிலை நெல்லில் குருத்துப்பூச்சிக்குக் குருணையாகப் போடுகிறோம், நாய் உண்ணிக்குப் பிடரியில் சொட்டாக விடுகிறோம். எனவே லேபிள் இல்லாத புட்டியில் "மூலிகை மருந்து, பக்கவிளைவே இல்லை" என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள்.

நான் செய்வது இவ்வளவுதான். பகலில் அந்தப் பூச்சி கோழி மேல் இருக்காது, மரச்சந்திலும் கூடை இடுக்கிலும் ஒளிந்திருந்து ராத்திரியில் வந்து ரத்தம் குடிக்கும். ஆகவே வைக்கோலை எடுத்து எரித்துவிட்டு, கூண்டை வெந்நீர் ஊற்றிக் கழுவி, வெயிலில் காயப்போட்டு, இடுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிப்பேன். கோழி புரள்வதற்குச் சாம்பலும் மண்ணும் கலந்த குழி ஒன்று எப்போதும் இருக்கும். வாரம் கழித்துத் திரும்பவும் கழுவ வேண்டும், ஏனென்றால் அது ரத்தமில்லாமலே மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். இதற்கும் அடங்காவிட்டால் டாக்டரிடம் கேட்டு, கோழிக்கென்றே விற்கிற மருந்தை அடியுங்கள்.

குடற்புழு மருந்தில் எல்லாமே ஒன்றில்லை. ஃபென்பெண்டசோலில் தண்ணீரில் கலக்கிற ஒரு வகைக்கு, சொன்ன அளவில் கொடுத்தால் முட்டைக்குக் காத்திருக்கவே வேண்டாம் என்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி இருக்கிறது. அதற்காக ஆட்டுக்கு வாங்கி வைத்த மருந்தைக் கண்ணளவில் ஊற்றிவிட்டு அந்தக் கணக்கைச் சொல்லக் கூடாது. வெள்ளைக்கழிச்சலுக்கு விடுகிற லசோட்டா சொட்டு தடுப்பு மருந்து, அதற்காக முட்டையைக் கொட்ட வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான். சந்தையில் பழுப்பு ஓடு பார்த்ததும் நாட்டுக்கோழி முட்டை என்று இரட்டை விலை கொடுத்து வாங்குகிறார்கள். ஓட்டின் நிறம் கோழியின் இனத்தால் வருவது. கூண்டில் அடைத்து வளர்க்கிற கலப்பினக் கோழியும் பழுப்பாக இடும். நாங்கள் மேய்ச்சலில் விட்டு, கீரிக்கும் பருந்துக்கும் காவல் காத்து எடுக்கிற முட்டையை அதோடு சேர்த்து வைத்துப் பேரம் பேசும்போது வயிறு எரிகிறது.

ஏற்கெனவே ஒன்றிரண்டு முட்டை சாப்பிட்டிருந்தால் பயப்பட வேண்டாம், கோழி மருந்தாக இருந்தால் அதனால் உடனே ஒன்றும் ஆகிவிடாது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போவதுதான் கெடுதல், அதுவும் ஆன்டிபயாடிக் என்றால் நாளைக்கு நமக்கே அந்த மருந்து கேட்காமல் போகும். மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கிற கோலிஸ்டினைக் கோழிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2019இல் இங்கே தடை போட்டதும் அதனால்தான். யாருக்காவது பென்சிலினோ சல்ஃபா மருந்தோ ஒத்துக்கொள்ளாது என்றால் இன்னும் கவனம். வயல் மருந்து அடித்திருந்தால் மட்டும் நாள் கணக்கு எதையும் நம்பாமல், புட்டியோடு கால்நடை மருத்துவரிடம் போய்க் கேளுங்கள்.

என்ன மருந்து என்று நீங்கள் எழுதவில்லை. புட்டியில் இருக்கும் பெயரையும் கடைசியாகக் கொடுத்த தேதியையும் கீழே போடுங்கள், தெரிந்தவர்கள் சொல்வார்கள். அதுவரை முட்டையைத் தனியாக எடுத்து வையுங்கள், குழந்தைக்குக் கொடுக்காதீர்கள், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்காதீர்கள்.