தோற்றுக்கொண்டே இருக்கும் ஐஸ் ஹொக்கி அணி, நம்பிக்கையான மூத்த கோல் காப்பாளரை விற்கலாமா?

விற்கலாம், அவர் இடத்தில் நிற்க அடுத்த ஆள் தயாராக இருந்தால். இல்லையென்றால் கை வைக்கவே கூடாது.

நீங்கள் கேட்கும் விதத்திலேயே தெரிகிறது: உங்கள் அணி பட்டியலின் அடியில் கிடக்கிறது, ட்ரேட் கெடு (அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளக் கடைசி நாள்) நெருங்குகிறது, "வயசானவரை அனுப்பிவிட்டு டிராஃப்டில் நல்ல பையன்களாக எடுப்போம்" என்று சுற்றியுள்ள எல்லோரும் சொல்கிறார்கள். டிராஃப்ட் என்றால் இளம் வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுப்பது; அடியில் முடிக்கும் அணிக்கு அதில் முன்னுரிமை. இந்தப் பேச்சை ஆரம்பம் முதல் முடிவு வரை பார்த்தவள் நான். வட அமெரிக்காவின் பெரிய ஹொக்கி லீக்கான NHL இல் ஆடும் பஃபலோ சேபர்ஸ், 2014.

கனடாவில், டொரோண்டோவின் ஸ்காபரோவில் இருக்கும் தமிழச்சிக்கு அமெரிக்க எல்லை நகரமான பஃபலோ மேல் என்ன பாசம் என்று கேட்பீர்கள். 2007 இல் கனடாவுக்குள் வர எல்லையில் நேர்காணல் திகதிக்காகக் காத்திருந்த காலத்தில், பஃபலோவில் ஓர் அகதிகள் விடுதியில் தங்கியிருந்தேன். அண்ணா ஸ்காபரோவில் இருந்தபடியால் எல்லைப் பாலமான பீஸ் பிரிட்ஜ் வழியாக வர எனக்கு அனுமதி கிடைக்கும் என்றார்கள். எப்போது என்று யாருக்கும் தெரியாது. அங்கே சமையலறைக்குப் பக்கத்து அறையில் ஒரு பழைய டிவி. இரவில் அதில் ஹொக்கிதான். ஐஸில் பந்துக்குப் பதிலாக அடிக்கும் அந்தக் கறுப்பு வட்டு, பக், எங்கே போகிறது என்றே முதலில் கண்ணுக்குத் தெரியவில்லை. உதவிக்கு வந்துபோகும் ஒரு வயதான அம்மாதான் சொல்லித் தந்தார்: பக்கைப் பார்க்காதே, கோல் காப்பாளரின் முழங்காலைப் பார், அவர் எந்தப் பக்கம் சாய்கிறாரோ அங்கேதான் ஆபத்து. அவர் பார்க்கச் சொன்ன ஆள் ரயன் மில்லர். அந்தப் பருவம் சேபர்ஸ் லீக்கிலேயே முதலிடம். மற்றவர்கள் எல்லோரும் பாய்ந்து திரிய, இவர் மட்டும் கோல் கம்பத்தோடு ஒட்டி நிற்பார். பக்கைப் பிடித்து நடுவரிடம் கொடுத்துவிட்டு, முகமூடியை மேலே தள்ளி, வலைக்கு மேல் இருக்கும் போத்தலை எடுத்து ஒரு வாய் தண்ணீர் குடிப்பார். ஐந்து விநாடிக்கு முன் என்ன நடந்தது என்ற பதற்றமே முகத்தில் இருக்காது. எனக்கு அப்போது நித்திரையே இல்லாத காலம். அந்த மனிதரைப் பார்த்தால் மூச்சு சீராகும்.

இதைச் சொன்னால் "உணர்ச்சிவசப்பட்டுப் பேசுகிறாய், ஹொக்கி ஒரு வியாபாரம்" என்று யாராவது வருவார்கள். சரி, வியாபாரமாகவே பார்ப்போம்.

2010 இல் மில்லர் லீக்கின் சிறந்த கோல் காப்பாளருக்கான வெசினா விருது வாங்கினார். அதே வருடம் வான்கூவர் ஒலிம்பிக்கில் அமெரிக்கா தங்கத்தைத் தவறவிட்டும், தொடரின் சிறந்த வீரர் அவர்தான். அந்த இறுதிப்போட்டி நடந்தது பிப்ரவரி 28. சரியாக நாலு வருடம் கழித்து, 2014 பிப்ரவரி 28 அன்று, அணித்தலைவர் ஸ்டீவ் ஒட்டோடு சேர்த்து அவரை செயின்ட் லூயிஸுக்குக் கொடுத்தார்கள். சேபர்ஸ் அப்போது லீக்கின் கடைசி இடத்தில் இருந்தது. அப்படிப்பட்ட அணியின் வலைக்கு முன்னால் நின்றும் மில்லர் நூற்றுக்கு 92 ஷாட்டுக்கு மேல் தடுத்துக்கொண்டிருந்தார்.

பதிலுக்குக் கிடைத்தவர்கள் கோல் காப்பாளர் யரோஸ்லாவ் ஹலாக், கிறிஸ் ஸ்டூவர்ட், வில்லியம் கேரியர். கூடவே 2015 இன் ஒரு முதல் சுற்றுத் தேர்வும் இன்னொரு கீழ்ச் சுற்றுத் தேர்வும். காகிதத்தில் நல்ல பேரம். ஹலாக் ஒரு வாரத்துக்குள் வாஷிங்டனுக்குப் போய்விட்டார். ஸ்டூவர்ட்டை அடுத்த வருடம் மினசோட்டாவுக்கு விற்றார்கள். அந்த முதல் சுற்றுத் தேர்வு எவாண்டர் கேன் என்ற வீரரை வாங்கும்போது வினிபெக்குக்குப் போனது. கேரியரை 2017 இல் வேகாஸ் புது அணி எடுத்துக்கொண்டது. இதற்கிடையில் வலைக்கு முன்னால் ஆள் இல்லையே? 2015 டிராஃப்டில், வேறொரு ட்ரேடில் கிடைத்திருந்த முதல் சுற்றுத் தேர்வை ஒட்டாவாவுக்குக் கொடுத்து கோல் காப்பாளர் ரொபின் லேனரை வாங்கினார்கள். கூரையைப் பிரித்து விற்றுவிட்டு, மழை வந்ததும் தார்ப்பாய் வாங்க ஓடிய கதை.

மில்லரின் ஒப்பந்தம் அந்தக் கோடையில் முடிய இருந்தது, சும்மா போக விடுவதா என்று கேட்பவர்களுக்கும் சொல்கிறேன்: விற்றதை நான் குறை சொல்லவில்லை. அடுத்தவர் யார் என்று தெரியாமல் விற்றதைத்தான் சொல்கிறேன். இன்னொரு கட்சி, "தோற்கத்தானே விற்றார்கள், கடைசி இடத்துக்கு வந்தால் 2015 டிராஃப்டின் பெரிய நட்சத்திரம் கொனர் மக்டேவிட் கிடைப்பார் என்றுதானே" என்பார்கள். மக்டேவிட் எட்மன்டனுக்குப் போனார். சேபர்ஸுக்கு ஜாக் ஐகெல் கிடைத்தார், 2021 இல் அவரையும் வேகாஸுக்கு அனுப்பினார்கள். 2023 இல் வேகாஸ் லீக் சம்பியனுக்கான ஸ்டான்லி கிண்ணத்தைத் தூக்கியபோது ஐகெலும் அதே கேரியரும் அந்த அணியில் இருந்தார்கள். 2011 க்குப் பிறகு பஃபலோ 14 பருவங்கள் தொடர்ந்து பிளேஆஃப் (கிண்ணத்துக்கான கடைசிச் சுற்றுகள்) பக்கமே போகவில்லை.

ஆனால் எனக்கு வலித்தது இந்தக் கணக்கு இல்லை. 2015 மார்ச்சில் அரிசோனா பஃபலோவுக்கு வந்தது. கடைசி இடத்துக்கும் அதற்கு முந்திய இடத்துக்கும் நடந்த ஆட்டம். கூடுதல் நேரத்தில் அரிசோனா வெற்றி கோல் போட்டதும், சொந்த மைதானத்திலேயே சேபர்ஸ் சட்டை போட்ட சனம், கடைசி இடம் உறுதியாகிறது என்று, கைதட்டி ஆர்ப்பரித்தது. மைக் வெபர் என்ற சேபர்ஸ் வீரர் வெளிப்படையாகவே வருத்தப்பட்டார். நான் டிவியை நிறுத்திவிட்டேன். அந்த ஊர்ச் சனம் அப்படிப்பட்டது இல்லை. தோல்வியைத் திட்டம் என்று ஒரு பருவம் முழுக்கச் சொல்லிக்கொடுத்தால் நல்ல சனமும் அப்படி மாறும்.

என் மகள் இங்கே சிறுவர் லீக்கில் கோல் காப்பாளர். அதிகாலை ஐஸில், பின்வரிசைப் பிள்ளைகள் இரண்டு பேரும் முன்னால் ஓடிவிட்டு, எதிரணிப் பிள்ளை தனியாக வந்து அடித்தாலும், கண்ணாடிக்குப் பின்னால் கோப்பியோடு நிற்கும் பெற்றோர் "கோல் காப்பாளரை மாற்று" என்றுதான் கத்துவார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் கேட்கும்படி கத்துகிறார்கள். பயிற்சியாளரும் வாய் திறப்பதில்லை. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பஃபலோ மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். வான்கூவர் 2013 இல் கோல் காப்பாளர் கோரி ஷ்னைடரை விற்றது, அடுத்த மார்ச்சில் ரொபர்ட்டோ லுவோங்கோவையும் விற்றது. இரண்டு நல்லவர்களும் போன பிறகு அதே கோடையில் மூன்று வருடத்துக்கு 18 மில்லியன் டொலர் கொடுத்து யாரை எடுத்தது தெரியுமா? ரயன் மில்லரை. மாறாக பிட்ஸ்பர்க், இளம் கோல் காப்பாளர் மாட் மரே இரண்டு கிண்ணம் வென்று காட்டிய பிறகுதான் 2017 இல் மூத்தவர் மார்க் ஆந்த்ரே ஃப்ளூரியை விட்டது.

இன்னொன்று: கோல் காப்பாளர்கள் மெதுவாகத்தான் முதிர்வார்கள். சேபர்ஸிடம் 2012 டிராஃப்டின் ஆறாம் சுற்றில் எடுத்த கோல் காப்பாளர் லைனஸ் உல்மார்க் இருந்தார். அவர் சுவீடனில் வளர்ந்துகொண்டிருந்தபோதுதான் மில்லரை விற்றார்கள். 2021 இல் உல்மார்க்கையும் ஒரு சதம் வாங்காமல் போக விட்டார்கள். 2023 இல் பொஸ்டன் சட்டையில் வெசினா வாங்கினார்.

ஆகவே உங்கள் அணியின் கீழ் லீக் அணியைப் போய்ப் பாருங்கள். அங்கே 23, 24 வயதில் வாரத்துக்கு இரண்டு ஆட்டம் நின்று தாங்கும் ஒருவர் இருந்தால் மூத்தவரை மரியாதையோடு, அவர் விரும்பும் அணிக்கே அனுப்பலாம். இல்லையென்றால் அவருக்கு இன்னும் இரண்டு வருடம் கொடுத்து, பின்வரிசைக்கு ஆள் தேடச் சொல்லுங்கள். எந்த அணி என்று எழுதினால் அவர்களின் இளம் கோல் காப்பாளர்கள் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.