சார்ஜ் இருக்கா? சார்ஜ் எவ்வளவு?

கேள்வி: போனில் சார்ஜ் இல்லை, ஆட்டோவுக்கு என்ன சார்ஜ், புது அதிகாரி சார்ஜ் எடுத்துவிட்டார், போலீஸ் லத்தி சார்ஜ்... ஒரே சொல்லுக்கு எப்படி சார் இத்தனை அர்த்தம்?
- வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: அரசு ஊழியர் என்று நினைக்கிறேன், ஆனால் ஒழுங்கு நடவடிக்கைக்குக் கொடுக்கும் 17(பி) சார்ஜ் மெமோவை மட்டும் பட்டியலில் சேர்க்காமல் விட்டுவிட்டீர்களே! லத்தீனில் வண்டியைக் குறிக்கும் சொல்லில் இருந்து வந்தது சார்ஜ், வண்டியில் பாரம் ஏற்றுவதுதான் ஆதி அர்த்தம். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது, பிரெஞ்சில் இன்றைக்கும் 'ஷார்ஷே' என்றால் சுமை ஏற்றுவதுதான், பக்கத்தில் புதுச்சேரியில் பிரெஞ்சு தெரிந்தவர் யாரைக் கேட்டாலும் சொல்வார். கடலூர் முதுநகரில் நடுக்கடலில் நின்ற கப்பலுக்கும் கரைக்கும் இடையே தோணியில் ஏற்றி இறக்கினார்களே கார்கோ, அதுவும் இதே குடும்பம்தான்.

அந்தப் பாரத்தைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பணத்தை உங்கள் மேல் ஏற்றினால் கட்டணம், வேலையை ஏற்றினால் பொறுப்பு, பழியை ஏற்றினால் குற்றச்சாட்டு. நாமும் 'பழியைத் தூக்கி என் தலையில் போட்டுட்டான்' என்றுதானே சொல்கிறோம்? துப்பாக்கியில் மருந்து கெட்டிப்பதும் சார்ஜ்தான். 1740-களில் பெஞ்சமின் பிராங்ளின் போன்றவர்கள் கண்ணாடி ஜாடிக்குள் மின்சாரத்தை ஏற்றிச் சோதனை செய்தபோது அதற்கும் இதே சொல் வந்து ஒட்டிக்கொண்டது. பேட்டரி என்று பெயர் வைத்தவரும் அவர்தான், அதுவரை அது பீரங்கி வரிசைக்கான பெயர். லத்தி சார்ஜ் கொஞ்சம் தள்ளி நிற்கிற சொந்தக்காரர்: படை பாய்ந்து தாக்குவதில் இருந்து வந்தது. அது இந்தியாவில் புழங்கும் ஆங்கிலம், இங்கிலாந்தில் பேட்டன் சார்ஜ் என்பார்கள்.

கேள்வி: என் மகள் இன்டர்வியூவில் ஆங்கிலத்தில் பேசும்போது 'பஸ் சார்ஜ்' என்றாளாம், தப்பு என்று திருத்தினார்களாம். தப்பா?
- வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: ஆங்கிலத்தில் தப்புதான் அம்மா. பயணத்துக்குக் கொடுப்பது ஃபேர், டாக்டருக்கும் வக்கீலுக்கும் ஃபீ, கடையில் வாங்கும் பொருளுக்கு பிரைஸ், டெலிவரி மாதிரி ஒரு சேவைக்குத் தனியாக வாங்குவதுதான் சார்ஜ். தமிழில் பேசும்போது தாராளமாக 'பஸ் சார்ஜ் ஏத்திட்டாங்க' என்று சொல்லட்டும், அது எப்போதோ தமிழாகிவிட்டது. அடுத்த இன்டர்வியூவுக்கு இன்னொன்றும் சொல்லிவிடுங்கள். நர்ஸ் 'இன் சார்ஜ் ஆஃப்' குழந்தை என்றால் நர்ஸ் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார், குழந்தை 'இன் த சார்ஜ் ஆஃப்' நர்ஸ் என்றால் குழந்தை நர்ஸின் பொறுப்பில் இருக்கிறது. நர்ஸை முதலில் சொல்லிவிட்டு நடுவில் ஒரு 'த' சேர்த்துவிட்டால் குழந்தை நர்ஸைப் பார்த்துக்கொள்ள வேண்டியதாகிவிடும்.

கேள்வி: புதுச்சேரிக்கு வந்த விருந்தாளிகளை ஒரு ரெஸ்டாரண்டுக்குக் கூட்டிப் போனேன். பில்லில் ஜிஎஸ்டி போக 'சர்வீஸ் சார்ஜ்' 10 சதவீதம். கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?
- வாசகர், நெல்லித்தோப்பு

பதில்: வேண்டாம். ஜிஎஸ்டி வரி, அதை மறுக்க முடியாது. சர்வீஸ் சார்ஜ் என்பது கிட்டத்தட்ட டிப்ஸ், உங்கள் இஷ்டம். ஓட்டல்கள் அதைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது என்று 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது. அந்த வழிகாட்டுதல்கள் செல்லும் என்று 2025 மார்ச்சில் டில்லி உயர் நீதிமன்றமும் சொன்னது. 'எடுத்துடுங்க' என்று கேளுங்கள், மறுத்தால் 1915-க்கு போன் செய்யலாம். விருந்தாளிகள் முன்னால் எப்படிக் கேட்பது என்ற கூச்சத்தை நம்பித்தான் பாதி இடங்களில் பில்லில் சர்வீஸ் சார்ஜே அச்சாகிறது.

கேள்வி: சார்ஜ் ஷீட் போட்டுவிட்டால் ஆள் குற்றவாளிதானே?
- வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: இல்லை. அது போலீஸ் தன் விசாரணையை முடித்துக் கோர்ட்டுக்குக் கொடுக்கும் அறிக்கை, அவ்வளவுதான். அதைப் படித்துப் பார்த்து எந்தக் குற்றச்சாட்டின் பேரில் வழக்கை நடத்துவது என்று நீதிபதிதான் முடிவு செய்வார். வழக்கு நடத்தவே போதிய ஆதாரம் இல்லையென்றால் ஆளை விடுவித்துவிடுவார். அதற்குப் பெயர் டிஸ்சார்ஜ்!