அப்பாவுக்கு 76 வயது, நுரையீரல் புற்றுநோய். இந்த வயதில் வைத்தியம் செய்யலாமா?

“வயது போன மனிசரை ஏன் வதைக்கிறீங்க” என்று யாரோ சொல்லி உங்களைக் குழப்பியிருப்பார்கள். எங்களுக்கும் சொன்னார்கள். நான் டொக்டர் இல்லை. இதே நோய் வந்த அம்மாவைக் களுவாஞ்சிகுடியிலிருந்து கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு திரிந்தவள். எல்லாரும் மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகச் சொன்னார்கள். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலேயே புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது, முதலில் அங்கே காட்டுங்கள்.

அம்மாவுக்கு அப்போது 74. பீடி, சுருட்டு தொட்டதே இல்லை. காசநோயாக்கும் என்று முதலில் சளியைச் சோதித்தார்கள், அது இல்லை. ஸ்கேன் எடுத்து, துண்டெடுத்துப் பார்த்த பிறகுதான் இது தெரிந்தது.

டொக்டர் வயதைக் கேட்டுவிட்டு, “வீட்டில என்ன வேலை செய்வீங்க அம்மா?” என்றார். அம்மா வாய் திறக்குமுன் அண்ணன், “ஒண்டும் செய்ய விடுறதில்ல டொக்டர், படுத்தபடிதான்” என்றான், பாசத்தில்தான். அம்மாவுக்கு வந்ததே கோபம்! “பொய் சேர். கிணத்துல நானே அள்ளித்தான் குளிக்கிறன். இவன்தான் வாளியைப் பறிக்கிறான்.” டொக்டர் சிரித்துக்கொண்டே, எழுதியதை வெட்டிவிட்டுத் திரும்ப எழுதினார்.

அந்தக் கேள்வி சும்மா கேட்டதில்லை. நோயாளி எவ்வளவு நடமாடுகிறார் என்பதற்கு 0 முதல் 4 வரை ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். முழு நாளும் படுக்கை என்றால் 4. கீமோவைத் தாங்குவாரா என்பதை வயதை விட அதை வைத்துத்தான் பெரும்பாலும் யோசிப்பார்கள். அண்ணன் சொன்னதே கொப்பியில் நின்றிருந்தால் அம்மா கிட்டத்தட்ட அந்த 4தான். அதனால் அப்பாவையே பேச விடுங்கள். விழுந்தது, மெலிந்தது, மறதி எதையும் மறைக்கவும் வேண்டாம்.

அம்மாவின் கட்டியில் ஈ.ஜி.எஃப்.ஆர். (EGFR) என்ற மரபணுவில் மாற்றம் இருந்ததால் கீமோ இல்லாமல் குளிசையோடு தொடங்கினார்கள். புகைக்காத பெண்களிடம் இது கூடுதலாக இருக்குமாம். முகமெல்லாம் பரு, வயிற்றோட்டம், ஆனாலும் நடமாடினார். எல்லாருக்கும் இது சரிவரும் என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள்.

சண்டை பிடிக்க வேண்டியது கல்முனை பஸ்ஸில். முன் சீட்டில் இளந்தாரிகள் போனைப் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா கம்பியைப் பிடித்தபடி நின்று வருவார். ஒருவனும் எழும்ப மாட்டான். கொண்டக்டரும் பார்க்காத மாதிரி.

சரி, கிளினிக்குக்குப் போகும்போது அப்பா குடிக்கிற மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள், நாட்டு வைத்தியரின் சூரணத்தையும் சேர்த்து.