இரண்டு பேரை விட்டுவிட்டுப் போயிருக்கலாமே!

கேள்வி: 1951-இல் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி, ஆடிய ஒன்பது ஆட்டங்களிலும் ஜெயித்தது. ஆனால் கறுப்பின வீரர்கள் இரண்டு பேரை விட்டுவிட்டு வரச் சம்மதிக்காததால் ஆரஞ்சு பவுல் ஆட்டத்துக்கு அழைப்பு வரவில்லை. பணமில்லாமல் அணியையே கலைத்துவிட்டார்கள் என்று படித்தேன். இரண்டு பேருக்காக மற்ற எல்லோரும் நஷ்டப்படுவதா? கொஞ்சம் நடைமுறையாக யோசித்து, போய் ஆடி, அந்தப் பணத்தில் அணியைக் காப்பாற்றியிருக்கலாமே?
– ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: நியாய தர்மத்தை ஒதுக்கி வைத்துவிடுவோம். நீங்கள் கணக்குப் பேசுகிறீர்கள். நானும் கணக்கே பேசுகிறேன்.

நீங்கள் பெயர் சொல்லாமல் ‘இரண்டு பேர்’ என்று தள்ளிவிட்டவர்களில் ஒருவர் ஆலி மாட்சன். அந்த ஆண்டு அமெரிக்கக் கல்லூரி ஆட்டக்காரர்களிலேயே பந்தைத் தூக்கிக்கொண்டு அதிக தூரம் ஓடியவர் அவர்தான்: 1,566 யார்டு. அடித்த டச் டவுன், அதாவது பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டியது, 21. நியூயார்க் போய் ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தோடு ஆடியபோது, எதிரணி ஆட்டத்தைத் தொடங்க உதைத்த பந்தை வாங்கிக்கொண்டு மைதானத்தின் மறுமுனை வரை ஓடினார். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. அன்று அணி ஜெயித்தது 32-26 என்று. ஒரு டச் டவுனுக்கு ஆறு புள்ளி. அந்த இரண்டையும் கழித்துப் பாருங்கள், தோல்விதான். ஆக, நாயனக்காரரை ஊரிலேயே விட்டுவிட்டு மேளக் கச்சேரிக்கு வரச் சொன்ன கதை இது.

இன்னொருவர் பர்ல் டோலர். எதிரணியை நகரவிடாமல் மறிப்பதில் கெட்டிக்காரர்.

பவுல் ஆட்டங்கள் என்பவை பருவம் முடிந்ததும் புத்தாண்டையொட்டி நடக்கும் அழைப்பு ஆட்டங்கள். அன்றைக்கு யாரைக் கூப்பிடுவது என்பது நடத்துகிறவர்கள் இஷ்டம். ‘இவர்கள் மோதியதெல்லாம் சோப்ளாங்கி அணிகள்’ என்று வெளியில் ஒரு காரணம் சொன்னார்கள். அதில் பாதி உண்மை என்பதை மறைக்க வேண்டாம். ஒன்பதில் ஒன்று கடற்படை முகாமின் அணி, ஒன்று மரைன் படை முகாமின் அணி. ஆனால் இவர்களிடம் 47-14 என்று உதைபட்ட பசிபிக் கல்லூரிக்கு, அதே பருவத்தில் சன் பவுல் அழைப்பு வந்ததே! 1952 ஜனவரியில் ஆரஞ்சு பவுலில் ஆடியவை ஜார்ஜியா டெக், பேய்லர். இரண்டுமே அன்று கறுப்பின மாணவர்களைச் சேர்க்காத தென்மாநிலக் கல்லூரிகள். நிபந்தனை காதுக்கு வந்தபோது அதைப் பற்றிப் பேசக்கூட இல்லை என்பதே அந்த வீரர்கள் முதுமையிலும் சொல்லிவந்தது.

சரி, பணத்துக்கு வருவோம். உங்கள் கேள்வியின் முதுகெலும்பே அதுதான். பக்கத்து ஊர் சாண்டா கிளாரா பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்கிற அதே ஆரஞ்சு பவுலுக்கு 1950 ஜனவரியில் போனார்கள். போனதோடு இல்லை, கென்டக்கியை 21-13 என்று ஜெயித்தும் வந்தார்கள். 1952 பருவம் முடிந்ததும் அவர்களும் கால்பந்தை மூட்டைகட்டிவிட்டார்கள். செயின்ட் மேரீஸ், லயோலா என்று கலிஃபோர்னியாவின் மற்ற கத்தோலிக்கக் கல்லூரிகளும் ஏறக்குறைய அதே சமயத்தில் கடையைச் சாத்தின. சான் பிரான்சிஸ்கோவில் இவர்கள் ஆடிய கேசார் மைதானத்திலேயே ஃபார்ட்டி நைனர்ஸ் என்ற தொழில்முறை அணி ஆடிக்கொண்டிருந்தது; ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்க்கக் காசு கொடுத்தவன் கல்லூரி ஆட்டத்துக்கும் வந்து டிக்கெட் வாங்குவானா? ஒரு பவுல் ஆட்டத்துப் பணம் இந்த ஓட்டையை ஒரு வருஷம் அடைத்திருக்கும். அப்புறம்?

‘மற்ற எல்லோரும் நஷ்டப்பட்டார்கள்’ என்பதும் முழுக்கச் சரியில்லை. மாட்சன், கினோ மார்ச்செட்டி, பாப் செயின்ட் கிளேர் என்று இந்த ஒரே அணியிலிருந்து மூன்று பேர் தொழில்முறைக் கால்பந்தின் புகழ்மண்டபத்துக்குப் போனார்கள். பயிற்சியாளர் ஜோ குஹாரிக் அடுத்த ஆண்டே சிகாகோ கார்டினல்ஸ் என்ற தொழில்முறை அணிக்குப் பயிற்சியாளரானார். அணியின் செய்திகளைப் பத்திரிகைகளுக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்த இளைஞர் பீட் ரோசல், 1960-இலிருந்து ஏறக்குறைய முப்பது ஆண்டு ஆணையராக இருந்து அந்த நாட்டுத் தொழில்முறைக் கால்பந்தையே ஆட்டிவைத்தார். அதற்கு முன் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் என்ற தொழில்முறை அணியின் மேலாளராக இருந்தபோது, ஒன்பது பேரைக் கொடுத்து ஒரே ஒரு ஆளை வாங்கினார். அந்த ஆள் மாட்சன்! இரண்டு பேருக்காக மற்றவர்களா என்று கேட்ட நீங்கள் அந்த விகிதத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

உண்மையிலேயே நஷ்டப்பட்டவர் என்று பார்த்தால் டோலர்தான். அதற்கும் ஆரஞ்சு பவுலுக்கும் சம்பந்தமில்லை. 1952-இல் ஒரு காட்சி ஆட்டத்தில் முழங்கால் போய்விட்டது. தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆட முடியவில்லை. ஆசிரியரானார், பள்ளித் தலைமையாசிரியரானார். 1965-இல் என்.எஃப்.எல். என்ற தொழில்முறைக் கால்பந்து அமைப்பின் முதல் கறுப்பின நடுவராக மைதானத்துக்குத் திரும்பி வந்தார். அதன் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில், 1980-இல், நடுவர்களில் ஒருவர்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் விடுதி இருக்கிறது. நகர மேயராகவும் பிறகு செனட்டராகவும் இருந்த ஜேம்ஸ் ஃபீலன் பெயர் அதற்கு இருந்தது. ‘கலிஃபோர்னியா வெள்ளையாகவே இருக்கட்டும்’ என்ற கோஷத்தோடு 1920-இல் ஓட்டுக் கேட்டவர் அவர். 2017-இல் அந்தப் பெயரை எடுத்துவிட்டு பர்ல் டோலர் பெயரை வைத்தார்கள்.